புது குவாட் பைக் வாங்கியாச்சு... உடனே ஓட்டலாமா? முதலில் எதைச் சோதிக்கணும், எதை மாற்றணும்?

புத்தம்புது வண்டி. டயரில் இருக்கும் ரப்பர் முடிகள்கூட இன்னும் உதிரவில்லை. பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிவிடும். "இதுல சோதிக்க என்ன இருக்கு?" என்றுதான் யாருக்கும் தோன்றும். ஸ்போர்ட் குவாட் பைக் விஷயத்தில் ஆபத்து தொடங்குவதே இந்த எண்ணத்தில்தான்.

நான்கு சக்கரம் இருப்பதால் இது இரு சக்கர பைக்கைவிடப் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஏடிவி உள்ளிட்ட, சாலைக்கு வெளியே ஓட்டும் வாகனங்களால் ஆண்டுதோறும் சுமார் 1 லட்சம் பேர் காயமடைந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவதாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிடுகிறது. உயிரிழப்பவர்கள் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில். வண்டி கவிழ்ந்து ஓட்டுபவர் அதன் அடியில் சிக்குவது இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஓர் இளைஞர் புதிதாக யமஹா ராப்டர் 700ஆர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு, கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கிளாமிஸ் மணல்மேடுகளுக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்பது திட்டம். 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படத்தின் பாலைவனக் காட்சிகள் எடுக்கப்பட்டது இந்த மணல்மேடுகளின் ஒரு பகுதியில்தான். கையில் இரண்டு வாரம் இருக்கிறது. அவர் மனசு முழுக்க ஒரு புது சைலன்சர்தான் ஓடுகிறது. ஆனால், அந்த இரண்டு வாரத்தை அவர் எந்த வரிசையில் செலவழிக்கணும்?

ஸ்போர்ட் குவாட் என்றால் என்ன?

1970-ல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் மூன்று சக்கர ஏடிவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய பலூன் போன்ற டயர்கள், சேறு, பனி, மணல் எல்லாவற்றிலும் ஓடும். சூப்பர் ஹிட் ஆனது. ஆனால் திருப்பத்தில் எளிதாகக் கவிழ்ந்தது. விபத்துகள் குவிந்ததால், 1988-ல் அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி முன்னணி நிறுவனங்கள் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை நிறுத்தின. அதற்குள் நான்கு சக்கர வண்டிகள் வந்துவிட்டன. 1982-ல் சுஸுகி குவாட்ரன்னர், 1985-ல் வேகத்துக்காகவே செய்யப்பட்ட சுஸுகி எல்டி250ஆர். ஸ்போர்ட் குவாட் வரலாறு அங்கே தொடங்குகிறது.

பண்ணை வேலைக்கான ஏடிவிகளில் சாமான் வைக்கும் கேரியர், தானியங்கி கியர், நான்கு சக்கர இழுவை எல்லாம் இருக்கும். ஸ்போர்ட் குவாடில் அவை கிடையாது. பைக் மாதிரியே கிளட்ச், கால் கியர், செயின் இருக்கும். பின் சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். ஆக்சிலரேட்டர் மட்டும் முறுக்கும் பிடி அல்ல. வலது கட்டைவிரலால் அழுத்தும் ஒரு சின்ன நெம்புகோல்.

ராப்டர் 700ஆர் வண்டியில் 686 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின். எடை சுமார் 190 கிலோ. நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 அளவுக்கு எடை, அதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எஞ்சின்.

இன்னொரு முக்கியமான விஷயம், பின் அச்சு. காரில் டிஃபரன்ஷியல் இருப்பதால் திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் சுற்றும். ஸ்போர்ட் குவாடில் இரண்டு பின் சக்கரங்களும் ஒரே இரும்புத் தண்டில் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். மண்ணிலும் மணலிலும் ஒரு சக்கரம் கொஞ்சம் வழுக்கிக்கொடுத்தால் வண்டி திரும்பும். தார்ச்சாலையில் வழுக்காது, டயர் ஒட்டிப் பிடித்துக்கொண்டு வண்டியை நேராகத் தள்ளும், அல்லது ஒரு பக்கம் தூக்கும். இந்த வண்டியை சாலையில் ஓட்டக் கூடாது என்பதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை, இயற்பியலும்தான்.

புது வண்டியில் என்ன தப்பு இருக்க முடியும்?

குவாட் பைக் ஷோரூமுக்கு முழு வண்டியாக வருவதில்லை. இரும்புச் சட்டம் போட்ட பெட்டியில் வருகிறது. சக்கரம், ஹேண்டில்பார், பம்பர் போன்றவை தனியாகக் கழற்றி வைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பொருத்தி, பேட்டரியைத் தயார் செய்து, ஆயில் பார்த்து, பட்டியலில் டிக் அடித்துக் கொடுப்பது டீலரின் மெக்கானிக்.

அதாவது, உயிரைத் தாங்கும் பல நட்டுகளைக் கடைசியாக இறுக்கியது தொழிற்சாலை ரோபோ அல்ல. சனிக்கிழமை மாலை நான்கு வண்டிகளை டெலிவரி கொடுக்க வேண்டிய அவசரத்தில் இருந்த ஒரு மனிதர். பெரும்பாலும் அவர் சரியாகத்தான் செய்திருப்பார். ஆனால் 'பெரும்பாலும்' என்ற வார்த்தையை நம்பி மணல்மேட்டின் உச்சியிலிருந்து இறங்க முடியாது.

ஆகவே முதல் வேலை: கையேட்டைத் திறந்து, ஒரு டார்க் ரெஞ்ச் எடுத்து, எல்லாவற்றையும் ஒருமுறை தானே பார்ப்பது. டார்க் ரெஞ்ச் என்பது எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர். 'நல்லா டைட்டா இருக்கு' என்று கை சொல்வதை நம்பக் கூடாது. லூசாக இருந்தால் நட் கழன்றுவிடும். அளவுக்கு மேல் இறுக்கினால் அலுமினியத்தில் உள்ள மரை பிய்ந்துவிடும். இரண்டுமே ஆபத்துதான்.

ஐந்து படிச் சோதனை

அமெரிக்காவில் ஏடிவி ஓட்டப் பயிற்சி தரும் ஏடிவி சேஃப்டி இன்ஸ்டிட்யூட், ஒவ்வொரு சவாரிக்கு முன்பும் செய்ய ஒரு சோதனை வரிசையைச் சொல்லித்தருகிறது. ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து 'டி-க்ளாக்' என்பார்கள். புது வண்டிக்கும் இதே வரிசை அப்படியே பொருந்தும்.

1. டயரும் சக்கரமும்: கார் டயரில் 30 பிஎஸ்ஐ-க்கு மேல் காற்று இருக்கும். ஸ்போர்ட் குவாடில் பல மாடல்களுக்கு வெறும் 4 பிஎஸ்ஐ சுமார்தான். பெட்ரோல் பங்க் மீட்டரில் இதைச் சரியாக அளக்க முடியாது. குறைந்த அழுத்தம் காட்டும் தனி மீட்டர் வேண்டும். இடது டயருக்கும் வலது டயருக்கும் ஒரு பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிறகு சக்கர நட்டுகள், பின் அச்சின் பெரிய நட். முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். கடகடவென்றால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ சரியில்லை.

2. கட்டுப்பாடுகள்: கட்டைவிரலை எடுத்தவுடன் ஆக்சிலரேட்டர் 'டக்' என்று திரும்ப வேண்டும். ஹேண்டிலை நேராக வைத்து மட்டும் பார்த்தால் போதாது. முழுக்க இடதுபக்கம் திருப்பி ஒருமுறை, முழுக்க வலதுபக்கம் திருப்பி ஒருமுறை பார்க்கணும். கேபிள் தவறான வழியில் போயிருந்தால், திருப்பத்தில்தான் அது இழுபட்டு மாட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் வண்டி தானாக வேகமெடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிரேக் லீவரை அழுத்தும்போது பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். அதை வெளியேற்றாமல் ஓட்டக் கூடாது.

3. விளக்கும் மின்சாரமும்: எஞ்சினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஓடும் எஞ்சினில் சோதிக்கணும். புது பேட்டரியை முதல் முறை முழுசாக சார்ஜ் செய்யாமல் கொடுத்தால், அதன் ஆயுள் ஆரம்பத்திலேயே குறைந்துவிடும். டீலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

4. ஆயிலும் பெட்ரோலும்: எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றின் அளவும். ஆயில் பார்க்கும் முறை மாடலுக்கு மாடல் மாறும். சிலவற்றில் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகுதான் சரியான அளவு தெரியும். குளிர்ந்த எஞ்சினில் பார்த்துவிட்டு, குறைவாக இருக்கிறதே என்று மேலும் ஊற்றுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு.

5. செயினும் சேசிஸும்: செயின் தளர்வு கையேட்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும். புது செயின் முதல் சில மணி நேரத்திலேயே நீளும் என்பதால், முதல் சவாரிக்குப் பிறகு மறுபடி அளக்கணும். ஸ்டியரிங்கிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகும் டை ராடுகளின் பூட்டு நட்டுகள், பால் ஜாயின்ட்டுகளில் நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்கணும். ஒரு காட்டர் பின்னின் விலை சில ரூபாய்தான். அது இல்லாமல் நட் கழன்றால், அந்தப் பக்கச் சக்கரம் ஹேண்டிலின் பேச்சைக் கேட்காது.

முன் சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்பதற்கு ஒரு டேப் போதும். இரண்டு முன் டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை, அச்சின் உயரத்தில், டயரின் முன்பக்கமும் பின்பக்கமும் அளக்க வேண்டும். முன்பக்க அளவு பின்பக்க அளவைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதுதான் வழக்கம். எவ்வளவு குறையலாம் என்பது கையேட்டில் இருக்கும். வெளிநோக்கி விரிந்திருந்தால் வண்டி நேர்வழியிலேயே அலைபாயும்.

முதல் 20 மணி நேரம்

சோதனை முடிந்தது. இப்போதாவது முறுக்கலாமா? இன்னும் இல்லை.

எஞ்சினுக்குள் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உராய்ந்து படிய வேண்டும். யமஹாவின் ஏடிவி கையேடுகள் முதல் 10 மணி நேரத்துக்கு ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் தொடர்ந்து அழுத்த வேண்டாம் என்கின்றன. அடுத்த 10 மணி நேரத்துக்கு முக்கால் வரை. ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டணும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஐந்து முதல் பத்து நிமிடம் எஞ்சினை ஆறவிடணும். அதன் பிறகு முதல் ஆயில் மாற்றம். வடியும் ஆயிலில் மினுமினுப்பாக உலோகத் துகள்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது படிதலின் மிச்சம். அது எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகத்தான் மாற்றுகிறோம்.

சான் டியேகோ இளைஞருக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. எஞ்சின் படியும் அந்த 20 மணி நேரத்தில் ஓட்டுபவரும் வண்டிக்குப் படிகிறார். திருப்பத்தில் உடலை உள்பக்கம் சாய்ப்பது, மேட்டில் முன்னால் குனிவது, இறக்கத்தில் பின்னால் நகர்வது எல்லாம் தசைக்குப் பழகும் காலம் இது. குவாடில் ஓட்டுபவரின் உடல்தான் ஐந்தாவது சக்கரம்.

காசு செலவில்லாத மாற்றங்கள்

வண்டியை மாற்றுவது என்றாலே பார்சல் பிரிப்பதுதான் என்று அர்த்தமில்லை. முதல் மாற்றங்களுக்கு ஒரு ஸ்பேனரும் ஒரு மணி நேரமும் போதும்.

ஹேண்டில்பாரின் சாய்வு, பிரேக், கிளட்ச் லீவர்களின் கோணம் இவற்றை ஓட்டுபவரின் உயரத்துக்கு ஏற்ப வைக்கலாம். நின்றுகொண்டு ஓட்டும்போது மணிக்கட்டு மடங்காமல் லீவருக்கு விரல் எட்ட வேண்டும், அதுதான் கணக்கு.

அடுத்தது சஸ்பென்ஷன். ராப்டர் 700ஆர் வண்டியின் பின் சக்கரம் மேலும் கீழும் சுமார் 10 அங்குலம் பயணிக்கும். தொழிற்சாலையில் ஒரு சராசரி எடையை மனதில் வைத்துத்தான் ஸ்பிரிங்கை அமைக்கிறார்கள். 60 கிலோ ஆளும் 95 கிலோ ஆளும் அதே அமைப்பில் ஓட்டினால் இரண்டு பேருக்குமே சரிவராது. முழு உடையோடு வண்டியில் உட்காரும்போது, மொத்தப் பயணத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும் என்பது பொதுவான தொடக்கக் கணக்கு. குறைவாக இறங்கினால் ஸ்பிரிங்கைத் தளர்த்தணும், அதிகம் இறங்கினால் இறுக்கணும். பிறகு ஷாக் அப்சார்பரின் திருகுகளை ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், இரண்டு 'கிளிக்' அளவு மாற்றி, ஓட்டிப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முதல் காசு எதில்?

அனுபவசாலிகள் முதலில் வாங்கச் சொல்வது சைலன்சர் அல்ல, நெர்ஃப் பார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே, கால் வைக்கும் இடத்தில் பொருத்தும் அலுமினியச் சட்டமும் வலையும்தான் இது. ஸ்போர்ட் குவாடில் ஓட்டுபவரின் கால் ஒரு குறுகிய படியில் இருக்கும். மேட்டில் குதித்து இறங்கும்போது கால் நழுவித் தரையில் பட்டால், அடுத்த நொடி அதே பக்கப் பின் சக்கரம் அந்தக் காலின் மேல் ஏறும். நெர்ஃப் பார் வலை அந்தக் காலைத் தாங்கிப் பிடிக்கும். பக்கத்தில் வரும் வண்டியின் சக்கரம் உள்ளே புகுந்து சிக்குவதையும் தடுக்கும்.

இரண்டாவது, கயிறு கட்டிய நிறுத்தும் சுவிட்ச். கயிற்றின் ஒரு முனை மணிக்கட்டில், மறுமுனை சுவிட்சில். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். மூன்றாவது, எஞ்சினுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் அடியில் பொருத்தும் தடுப்புத் தகடுகள்.

இளைஞர் போவது கிளாமிஸ் என்பதால் நான்காவதாக ஒன்று கட்டாயம்: 8 அடி உயரக் கம்பில் கொடி. ஒரு மணல்மேட்டின் இந்தப் பக்கம் ஏறுபவருக்கு அந்தப் பக்கம் ஏறுபவர் தெரியமாட்டார். உச்சியில்தான் இருவரும் சந்திப்பார்கள். முதலில் தெரிவது கொடிதான்.

டயர் மாற்றினால் என்ன மாறும்?

மணலில் சாதாரண டயர் தோண்டிக்கொண்டு புதையும். அதற்காகவே துடுப்பு போன்ற பட்டைகள் கொண்ட 'பேடில்' டயர் பின்னால் போடுகிறார்கள். மணலை வாரிப் பின்னால் எறிந்து வண்டியை முன்னே தள்ளும். அதே டயரோடு கெட்டி மண்ணில் ஓட்டினால் பட்டைகள் பிய்யும், பிடிப்பும் மோசமாகும். தனி ரிம்மில் ஒரு ஜோடி வைத்துக்கொண்டு இடத்துக்கு ஏற்ப மாற்றுவதுதான் வழக்கம்.

பேடில் டயர் அதிகமாகப் பிடிப்பதால் எஞ்சின் திணறலாம். அப்போது ஸ்ப்ராக்கெட் பக்கம் கை போகும். முன்னால் 14 பல், பின்னால் 38 பல் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2.71. முன்னால் ஒரே ஒரு பல் குறைத்து 13 ஆக்கினால் 2.92. இழுவை சுமார் 8 சதவீதம் கூடும், உச்ச வேகம் அதே அளவு குறையும். பின்னால் மூன்று பல் கூட்டினாலும் கிட்டத்தட்ட இதே பலன்தான். குறைந்த செலவில் வண்டியின் குணத்தையே மாற்றும் வழி இது. எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

அகலம் கூட்டலாமா? 4 அங்குலத்தின் கதை

வண்டி கவிழுமா, கவிழாதா என்பதை முதலில் தீர்மானிப்பது இரண்டு அளவுகள்: சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம், எடைமையத்தின் உயரம். அகலம் கூடினால் நல்லது, உயரம் கூடினால் கெட்டது. உயரமான டயர் போட்டால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். கூடவே எடைமையத்தையும் தூக்கிவிடும்.

அகலத்தைக் கூட்ட, முன் சக்கரங்களைத் தாங்கும் ஏ-ஆர்ம்களை நீளமானதாக மாற்றி, பின்னால் அகலமான அச்சு போடுவார்கள். ஒவ்வொரு பக்கமும் 2 அங்குலம் நீட்டுவது பிரபலமான அளவு. திருப்பத்தில் வித்தியாசம் உடனே தெரியும்.

ஆனால் ராப்டர் 700ஆர் வண்டியின் அகலம் 46.1 அங்குலம். இரண்டு பக்கமும் 2 அங்குலம் கூட்டினால் 50.1. அமெரிக்கத் தேசிய வனங்களில் ஏராளமான பாதைகள் 50 அங்குலத்துக்கு மேல் அகலமில்லாத வண்டிகளுக்கு மட்டும்தான். பல இடங்களில் வாயிலில் இரும்புக் கம்பங்களே அந்த இடைவெளியில் நடப்பட்டிருக்கும். திறந்த மணல்மேட்டில் வரமாக இருக்கும் மாற்றம், காட்டுப் பாதையில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எங்கே ஓட்டப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் எதை மாற்றுவது என்று முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கடைசியாக... சைலன்சர்

இளைஞர் ஆரம்பத்திலிருந்தே ஆசைப்பட்டது இதற்குத்தான். தப்பில்லை. ஆனால் இது தனியாக வருவதில்லை.

எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் ஒரு விகிதம் உண்டு. தொழிற்சாலை சைலன்சரை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் அந்த விகிதத்தை எழுதியிருக்கிறார்கள். தடை குறைந்த சைலன்சர் போட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியையும் எடுத்துவிட்டால், காற்று அதிகம் பாயும். பெட்ரோல் அதே அளவில் இருந்தால் கலவை மெலியும். எஞ்சின் அதிகமாகச் சூடாகும். ஆக்சிலரேட்டரை விடும்போது 'பட் பட்' என்று வெடிக்கும். அந்தச் சத்தத்தைப் பலர் ரசிக்கிறார்கள். பல சமயம் அது எஞ்சின் தரும் எச்சரிக்கை. கலவையைத் தானே கவனித்துத் திருத்தும் சென்சார் பல ஸ்போர்ட் குவாட்களில் கிடையாது. ஆகவே சைலன்சர், ஏர் ஃபில்டர், பெட்ரோல் அளவைத் திருத்தும் கருவி மூன்றையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

மணல் பகுதியில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்துவைப்பதில் இன்னொரு ஆபத்து. ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் மெல்லிய தூசி, சிலிண்டரை உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

பிறகு சட்டம். கலிஃபோர்னியாவில் 1986 முதல் தயாரான இத்தகைய வண்டிகளுக்குச் சத்த வரம்பு 96 டெசிபல். வனப் பகுதிகளில் தீப்பொறி வெளியே போகாமல் தடுக்கும் வலை சைலன்சரில் இருக்க வேண்டும். காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். புகை தொடர்பான அமைப்புகளை மாற்றுவது தனிச் சிக்கல். இதையெல்லாம் மாற்றிய பிறகு எஞ்சின் கெட்டுப்போனால், வாரண்டியில் கேட்பதும் கஷ்டம்.

எஞ்சினை மாற்றினால்தான் வேகமா?

டக்கார் ராலியில் 2009 முதல் 2024 வரை குவாட்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. 2022, 2023 ஆண்டுகளில் அதில் வென்ற பிரான்ஸின் அலெக்சாந்த்ர் ஜிரூ ஓட்டியது இதே ராப்டர் 700 குடும்பத்து வண்டியைத்தான். கடையில் வாங்கும் வண்டிக்கும் ராலி வண்டிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆனால் பல ஆயிரம் கிலோமீட்டர் பாலைவனத்தில் ஜெயிக்க, வண்டி முதலில் கடைசி நாள் வரை ஓட வேண்டும். கூடுதல் டேங்க், வழிகாட்டும் கருவிகள், உறுதியான சஸ்பென்ஷன், ஒவ்வொரு இரவும் கூடாரத்தில் நட்டு நட்டாகச் சோதனை... அங்கே ஜெயிக்க வைப்பவை இவைதான்.

நமக்கு இதில் என்ன?

துபாய்க்குச் சுற்றுலா போனால் பாலைவன சஃபாரியில் குவாட் பைக் கட்டாயம் கண்ணில் படும். அங்கே வாடகைக்கு ஓட்டுவதற்கும் இந்தச் சோதனைகள் பொருந்தும். டார்க் ரெஞ்ச் தேவையில்லை, இரண்டு நிமிடம் போதும்.

ஆக்சிலரேட்டர் மூன்று நிலையிலும் 'டக்' என்று திரும்புகிறதா? இரண்டு பிரேக்கும் கெட்டியாகப் பிடிக்கிறதா? இடது, வலது டயர்கள் ஒரே அளவு அமுங்குகின்றனவா? நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்கிறது? ஹெல்மெட் தலைக்குப் பொருந்துகிறதா? இதில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் வேறு வண்டி கேளுங்கள்.

ஒருவர் ஓட்டும் வண்டியில் இரண்டாவது ஆளை ஏற்றாதீர்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஓட்டுபவர் உடலைச் சாய்க்க முடியாது. ஐந்தாவது சக்கரம் காணாமல் போய்விடும். பெரியவர்களுக்கான குவாடைக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. அமெரிக்காவில் இந்த வகை ஸ்போர்ட் வண்டிகள் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும்.

சான் டியேகோ இளைஞருக்கு வருவோம். இரண்டு வாரத்தில் அவர் செய்ய முடிந்தது இவ்வளவுதான்: எல்லா நட்டுகளும் சோதித்தாயிற்று, எஞ்சினைப் படிய வைக்கும் ஓட்டத்தில் பாதி முடிந்தது, சஸ்பென்ஷன் அவர் எடைக்கு அமைந்தது, நெர்ஃப் பாரும் கொடியும் பொருத்தியாயிற்று. சைலன்சர் இன்னும் பழையதுதான். கிளாமிஸில் அவர் வண்டி சத்தம் போடாமல்தான் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மாலை, இரண்டு கால்களும் முழுசாக இருக்க, அதே வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவார். சைலன்சர் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.